சிட்டத்தப் பாத்து மயங்காதீங்க யக்கா

கையால சாயம் போட்ட பின்னல் நூல சிட்டமா, அதான் முறுக்குன கட்டா, விக்கிதோம். சரியா வரலன்னு பின்னலோட எங்ககிட்ட வந்ததுல இந்த மாசத்துல இது மூணாவது. நேத்து பாளையங்கோட்டையிலருந்து ஒரு அக்கா வந்தாவ, கையில துணிப்பை, உள்ள முக்காவாசி முடிஞ்ச சால்வை. மக வெளிநாட்டுல பிரசவத்துக்கு இருக்கா, அவளுக்குன்னு ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரி உக்காந்து பின்னிருக்காவ. இலை டிசைன். ஒவ்வொரு இலைக்கும் ரெண்டு பக்கமும் ஓட்டை விட்டு, நுனியில தையலச் சேத்து, அவ்வளவு சுத்தமான கைவேலை. ஆனா ஒரு இலையாவது கண்ணுக்குத் தெரியணுமே! ரோஸ், மயில்நீலம், மஞ்சள், கத்திரிப்பூ எல்லாம் விரக்கடைக்கு ஒருக்கா மாறுத நூலு. தள்ளி வச்சுப் பாத்தா குலசை தசரா கூட்டம். "வெல கூடுன நூல்தான, பொறவு ஏன் இப்படி இருக்கு?"ங்காவ. என்னத்தச் சொல்ல.

கையால சாயம் போட்ட நூல்ல கலர் கூடக்கூட லேஸ் அழகா வரும்னு யாரு சொல்லிக்கொடுத்தாவளோ. லேஸுன்னா என்ன, ஓட்டைதான? ஓட்டையும் அதச் சுத்தி நிக்கித நூலும் சேந்துதான் இலையாவும் பூவாவும் தெரியுது, கண்ணு அந்த வெளிச்சத்தையும் இருட்டையும்தான் பிடிச்சுக்கிட்டுப் போவும். நூலுக்குள்ளயே வெளுப்பும் கருப்பும் மாறி மாறி வந்துட்டுன்னா எது ஓட்டை எது கலர்னு கண்ணு தடுமாறிரும். சாணி தெளிச்ச வாசல்ல போட்ட கோலம் பளிச்சுன்னு தெரியும், பூப்போட்ட டைல்ஸ் மேல அதே கோலத்தப் போட்டுப் பாருங்களேன். நம்ம இடையன்குடியில கால்டுவெல் ஐயரோட வீட்டம்மா எலைசா அம்மா அந்தக் காலத்துலயே பொம்பளைங்களுக்கு லேஸ் வேலை கத்துக்கொடுத்தாவ. அது நிட்டிங் இல்ல, வேற வேலைதான், ஆனாலும் லேஸுன்னா பழைய ஆளுங்களுக்கு வெள்ளை நூல்தான் ஞாபகம் வரும், சும்மா இல்ல.

எங்க மேலயும் தப்பு உண்டு, ஒத்துக்கிடுதேன். முறுக்கித் தொங்கவிட்டா பலகலர் சிட்டம்தான் முதல்ல விக்கும். ஒத்தக் கலர்ல லேசா வெளுப்பும் அடர்த்தியும் கலந்த சிட்டம் கடைசி வரைக்கும் தொங்கும். லேஸுக்குப் பொறந்தது அதுதான், யாரும் கைய வைக்க மாட்டாவ.

சந்தேகம்னா போன்ல கருப்பு வெள்ளையா ஒரு போட்டோ எடுங்க. மொத்தமும் ஒரே சாம்பலா வந்தா தைரியமா இலை போடுங்க. வரிக்குதிரை மாதிரி வந்துட்டா லேஸுக்கு வேண்டாம், அத வெறும் கார்டர் தையல்ல, எல்லா வரியும் நேர்தையலாவே போடுங்க, ஆசைக்கு பத்து வரிக்கு ஒரு வரி ஓட்டை விட்டுக்கோங்க. கலர் பைய பைய நீளமா மாறுத நூலுன்னா அலை அலையா வர்ற டிசைன் நல்லா தாங்கும். கழுத்துலருந்து ஆரம்பிக்கித முக்கோண சால்வைக்கு இன்னொண்ணு, கழுத்துப்பக்கம் பட்டையா விழுத கலர் வரி நீள நீள வேற மாதிரி ஆயிரும், முதல் நாலு விரல் அகலத்தப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க.

ஒரே சட்டியில முக்கினாலும் ரெண்டு சிட்டம் ஒண்ணுபோல இருக்காது. ரெண்டு வரி இதுல, ரெண்டு வரி அதுலன்னு மாத்தி மாத்திப் பின்னுங்க. 100 கிராம்ல 400 மீட்டர் வர்ற நூலுக்கு எழுதுன டிசைன 800 மீட்டர் வர்ற மெல்லிசு நூல்ல போட்டுட்டு கைக்குட்டை மாதிரி வந்துட்டேன்னு எங்கிட்ட அழக்கூடாது. சாம்பிள் துண்டு பின்னி, நனைச்சு, ஊசி குத்தி இழுத்து, காய வச்சுப் பாருங்க, கம்பளி நூல் லேஸ் அதுக்கப்புறம்தான் வாயத் திறக்கும். காட்டன் அந்த அளவுக்கு விரியாது, வெயிட்டுக்குத் தொங்கும், நம்மூரு வெயிலுக்கு காட்டன் கேக்கியள்னா அத நெனச்சுக்கோங்க. பொறவு அந்த வினிகர். காட்டன்ல சாயம் போனா வினிகர்ல ஊறப்போட்டா நின்னுரும்னு நெனைக்காதீங்க, நிக்காது யக்கா, கேளுங்க. தண்ணி தெளியுத வரைக்கும் அலசணும், அவ்வளவுதான்.

அந்த அக்காகிட்ட பிரிச்சிருங்கன்னேன். முகம் வாடிப்போச்சு, பாக்கவே சங்கடமா இருந்துச்சு. இந்த நூல்ல பிள்ளைக்குப் போர்வை போடுங்க, இலை சால்வைக்கு வெளிர் சாம்பல்ல ஒரு சிட்டம் தாரேன்னு சொன்னேன். பிரிச்ச நூல் சுருண்டு நிக்கும், திரும்பச் சிட்டமாக் கட்டி நனைச்சுப் போட்டாத்தான் நேராவும்னும் சொல்லி அனுப்பினேன். இன்னைக்குக் காலையில மொட்டைமாடிக் கொடியில தொங்கவிட்டு போட்டோ அனுப்பியிருக்காவ, நல்ல சுள்ளுன்னு அடிக்குத வெயில்ல. நிழல்ல போடுங்கக்கா சாயம் வெளுத்துரும்னு பதில் போட்டிருக்கேன், இன்னும் பாக்கல.