அந்த நைலான் வாஷர் எதற்கு?

காசிமேட்டு விசைப்படகுகளில் விளக்கு மாட்ட ஒரு அலுமினிய பிராக்கெட். திருவொற்றியூரில் நான் டிசைன் பார்க்கும் பட்டறையில்தான் அதைச் செய்கிறோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டைச் சுற்றி நைலான் ஸ்லீவ், தலைக்கு அடியில் நைலான் வாஷர். ஃபோர்மேன் ரிட்டையர் ஆனதும், புதிதாகச் சேர்ந்த தம்பி செலவைக் குறைக்க இரண்டையும் எடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டவன் நான்.

ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, துளை பெரிதாகி, பிராக்கெட்டுகள் திரும்பி வந்தன. உப்புநீர் படும் இடத்தில் இந்த இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி மாதிரி, அரித்துப்போவது அலுமினியம். இரண்டும் தொடாமல் தடுக்கத்தான் அந்த நைலான். ட்ராயிங்கில் வாஷர் இருந்தது. எதற்கென்ற காரணம் ஃபோர்மேனோடு வீட்டுக்குப் போயிருந்தது.

செர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வேர்ல்டு வைட் வெப்புக்கான திட்டத்தை எழுதியதும் இதே கவலையில்தான். பலர் இரண்டு வருடத்தில் கிளம்பிவிட, தெரிந்ததெல்லாம் அவர்களோடு போய்க்கொண்டிருந்தது. 1995-இல் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தந்தார். பிரவுசரிலேயே யாரும் பக்கத்தைத் திருத்தலாம்.

சரி, நாமும் செய்வோம் என்று சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் மீடியாவிக்கி என்ற சாஃப்ட்வேரைப் போட்டோம். விக்கிப்பீடியா ஓடுவதும் இதில்தான், காசு கிடையாது. பட்டறை வைஃபைக்குள் மட்டும் திறக்கும். பார்ட் நம்பருக்கு ஒரு பக்கம்: என்ன மாற்றினோம், ஏன், எதைச் செய்து தோற்றோம். மூன்றாவதை எழுதத்தான் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். என் கையெழுத்துக் கதையை முதலில் எழுதினேன்.

'வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோமே' என்பார்கள். அடுத்த வருடம் அந்த வாய்ஸ் மெசேஜை எப்படித் தேடுவது? விக்கியில் நைலான் வாஷருக்கே ஒரு பக்கம் உண்டு. அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கும் பார்ட்டுகள் எல்லாம் ஒரே சொடுக்கில் வரும். சப்ளையர் மாறினால் எங்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று உடனே தெரிகிறது. அந்தத் தம்பியே பிறகு ஒரு பம்ப் மூடிக்கு இதைப் படித்துவிட்டு ஸ்லீவ் சேர்த்தார்.

தண்டையார்பேட்டையில் ஃபோர்மேன் வீட்டில் இரண்டு மாலை உட்கார்ந்தேன். அவர் பேசப் பேச போன் தமிழில் எழுதியது. "என் பேரு வருமா சார்?" என்றார். "முதல் வரியே நீங்கதாண்ணே."

பெயிண்ட் ஷாப் பக்கங்கள் இன்னும் காலி. அங்கிருக்கும் மூத்தவர் வரும் தை மாதம் ஓய்வு பெறுகிறார். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் அவரோடு உட்காருகிறேன்.