மேமோகிராமில் ஏன் அவ்வளவு அழுத்துகிறார்கள்?

"மேமோகிராம் எடுக்கும்போது மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அப்படி அமுக்கினார்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே கட்டி இருந்தால் அமுக்கியதில் பரவிவிடாதா? பக்கத்து வீட்டு அக்கா இனிமேல் போகவே வேண்டாம் என்கிறார்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மேமோகிராம் என்பது மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படம்.

பரவாது. அப்படிப் பரவும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த அக்காவிடமும் சொல்லுங்கள். இந்தப் பயத்தால் வீட்டிலேயே இருந்துவிட்டு, கட்டி பெரிதான பிறகு ஓடி வருகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, ஏன் அமுக்க வேண்டும்? அரிசியில் கல் பொறுக்குகிறவர்கள் குவியலுக்குள் தேடுவதில்லை, முறத்தில் பரப்புவார்கள். தட்டு செய்வதும் அதுதான். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் விலகிப் பரவுகின்றன. தடிமன் குறைவதால் எக்ஸ்-கதிர் உள்ளே சிதறிப் படத்தை மங்கலாக்குவதும் குறைகிறது, குறைந்த கதிரே போதுமானதாகிறது. இரண்டு மார்புக்கும் சேர்த்து உடலில் ஏறும் கதிர்வீச்சு, ஏறக்குறைய ஏழு வாரத்தில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயல்பாகவே வந்து சேரும் அளவுதான்.

பொறுக்க வேண்டிய 'கல்' எது தெரியுமா? கால்சியம். பால் நாளத்துக்குள் புற்றுச் செல்கள் நெருக்கியடித்துப் பெருகும்போது நடுவில் இருப்பவற்றுக்கு ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் எட்டுவதில்லை. அவை செத்துவிடுகின்றன. செத்த இடத்தில் கால்சியம் படிகிறது, அரை மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாக. எந்த விரலுக்கும் அது தட்டுப்படாது. ஆனால் மேமோகிராமில் பயன்படும் ஆற்றல் குறைந்த எக்ஸ்-கதிரை, எடைக்கு எடை பார்த்தால், திசுவில் அதிகம் உள்ள ஆக்சிஜனைவிடக் கால்சியம் சுமார் 15 மடங்கு விழுங்குகிறது. அதனால் படத்தில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. கட்டி என்று ஒன்று உருவாகும் முன்பே, செத்த செல்கள் விட்டுப்போன இந்தத் தடயம் காட்டிக்கொடுக்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது சிலிர்ப்புதான்.

புள்ளி தெரிந்தாலே புற்று என்று பதற வேண்டாம். பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒழுங்கற்ற வடிவில் கொத்தாகவோ, நாளத்தின் வழியே வரிசையாகவோ இருந்தால்தான் சந்தேகம். இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக, படம் முழுக்க வெள்ளையாகத் தெரியும், கட்டி அதில் மறைந்துவிடலாம். அப்போது அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கும்.

மேமோகிராம் கருவி எட்டாத ஊர்களுக்கும் வழி உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. அதற்கு அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி உதவியது. இவ்வளவு நீண்ட ஆய்வுக்கு நம் அரசுகளே பொறுமையாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

வாசகிக்கு இன்னும் இரண்டு விஷயம். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. அப்புறம், பழைய படத்தைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள். போன முறை இல்லாத புள்ளி இந்த முறை இருக்கிறதா என்றுதான் மருத்துவர் முதலில் தேடுவார்.