தொட்டிக்குள் ஒரு பொய் மழைக்காலம்

ஆப்பிரிக்கக் குள்ளத் தவளையை மீன்தொட்டியில் முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை. நன்றாகத் தின்று வளர்ந்த ஒரு ஜோடி இருந்தால், நாம் எதுவும் செய்யாமலே ஒரு காலையில் நீர்ப்பரப்பில் முட்டைகள் மிதக்கும். அவற்றிலிருந்து வரும் தலைப்பிரட்டைகளை முதல் பத்து நாள் உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். முட்டை சுலபமாக வருவதற்கும் குஞ்சு சுலபமாகச் சாவதற்கும் இந்தத் தவளையின் உடம்பிலேயே காரணம் இருக்கிறது.

ஹைமெனோகைரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது இது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஆழமில்லாத, அதிகம் ஓட்டமில்லாத நீர்நிலைகள் இதன் வீடு. வளர்ந்தாலும் 3 அல்லது 4 செ.மீ. நீளம்தான் இருக்கும். நாக்கு கிடையாது, இரையை வாயால் உறிஞ்சித்தான் பிடிக்கும். நுரையீரலால் சுவாசிப்பதால் அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும். மற்றபடி தின்பது, தூங்குவது, ஜோடி சேர்வது எல்லாம் தண்ணீருக்குள்தான். இதன் உறவுக்காரரான ஜெனோபஸ் நகத்தவளையின் குட்டியை இதுவென்று நினைத்து வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. முன்கால் விரல்களைப் பார்த்தால் போதும். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. விரல்கள் தனித்தனியாக இருந்தால் நகத்தவளை. அதன் பெண் 10 செ.மீ.க்கு மேல் வளரும், குள்ளத் தவளையையே விழுங்கிவிடும்.

ஆணுக்கு முன்காலுக்குச் சற்றுப் பின்னால், அக்குளை ஒட்டி, வெளிறிய சிறு புடைப்பு இருக்கும். அது ஒரு சுரப்பி. ஆண் தவளை இருந்த தண்ணீரை நோக்கிப் பெண் தவளைகள் போகின்றன, சுரப்பி நீக்கப்பட்ட ஆணிடம் அந்த ஈர்ப்பு இல்லை என்று 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வாசனைத் தூது போதாதென்று பாட்டும் உண்டு. இரவில் தொட்டியருகே உட்கார்ந்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். ஏர் பம்ப் சத்தம் என்று நினைத்து அதை அணைத்துப் பார்த்தாலும் நிற்காது. தண்ணீருக்குள்ளிருந்தபடி, வாயைத் திறக்காமலே ஆண் எழுப்பும் ஒலி அது.

சரி, எப்போது ஜோடி சேர்வது என்று தவளைக்கு எப்படித் தெரிகிறது? இயற்கையில் வறண்ட காலத்தில் நீர் வற்றும், பிறகு மழை புதுத் தண்ணீரைக் கொண்டுவரும். கூடவே பூச்சிகளும் புழுக்களும் பெருகும். இந்தச் செய்திகள் மூளைக்குப் போக, மூளை பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ஹார்மோன்கள் சினைப்பையில் உள்ள முட்டைகளை முதிரச் செய்து வெளியேற்றுகின்றன. வளர்ப்பவர்கள் செய்வதும் இதே நாடகம்தான். சில வாரங்களில் தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை நிரப்பி, ஹீட்டரை 28 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றுகிறார்கள்.

ஆனால் என் கணக்கில் தண்ணீர் இரண்டாம் பட்சம், தீனிதான் முதல். முட்டைக்குள் இருக்கும் மஞ்சள்கருவின் புரதம் பெண்ணின் கல்லீரலில் தயாராகி, ரத்தம் வழியாக முட்டைக்குள் போய்ச் சேர வேண்டும். ரத்தப்புழு, டாஃப்னியா என்னும் நீர்ப்பூச்சி போன்ற இறைச்சி உணவு வாரக்கணக்கில் தாராளமாகக் கிடைத்த பெண்ணுக்குத்தான் வயிறு பக்கவாட்டில் உருண்டு நிற்கும். ஒல்லியான பெண்ணுக்கு எத்தனை மழைக்காலம் காட்டினாலும் பலன் இல்லை.

ஹார்மோன் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. நகத்தவளையை 1930-களிலிருந்து 1960-கள் வரை மருத்துவமனைகளில் கர்ப்பப் பரிசோதனைக்கு வைத்திருந்தார்கள். லான்சலாட் ஹாக்பென் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சியிலிருந்து வந்த முறை. பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியாகப் போட்டால், கர்ப்பமாக இருக்கும் பட்சத்தில் அதிலுள்ள ஹார்மோன் தவளையின் சொந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும். ஒரு நாளுக்குள் தவளை முட்டையிட்டுவிடும்.

குள்ளத் தவளைக்கு வருவோம். ஆண் பின்னாலிருந்து பெண்ணின் இடுப்பை, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடி மணிக்கணக்கில் நீடிக்கும். அப்புறம் பெண் ஆணையும் சுமந்துகொண்டு மேலே நீந்தும். நீர்ப்பரப்பை நெருங்கியதும் இரண்டும் சேர்ந்து மல்லாக்கப் புரளும். பெண்ணின் வயிறு மேல்நோக்கியிருக்க, கழிவாய் நீர்ப்பரப்பைத் தொடும் அந்தக் கணத்தில் சில முட்டைகள் வெளிவரும், அதே நேரத்தில் ஆண் விந்துவை விடும். உடனே புரண்டு கீழே போய்விடும். கொஞ்ச நேரம் தரையில் கிடந்துவிட்டு மறுபடி மேலே. இரவு முழுக்க இப்படியே போனால் விடியும்போது சில நூறு முட்டைகள் சேர்ந்திருக்கும். ஆக்சிஜன் அதிகமுள்ள நீர்ப்பரப்பிலேயே அவை ஒட்டி மிதக்கும். அதனால்தான் தண்ணீரைச் சுழற்றியடிக்கும் ஃபில்டரை அன்றிரவு நிறுத்துவது நல்லது.

காலையில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: முட்டைகளை ஒரு கிண்ணத்தால் மொண்டு, அதே தொட்டித் தண்ணீர் உள்ள வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பெற்றோருக்கு அது முட்டையில்லை, சாப்பாடு. கருவுறாதவை வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். அவற்றை எடுத்துப் போடலாம். இதமான சூட்டில் சுமார் இரண்டு நாளில் பொரிந்துவிடும்.

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். தலைப்பிரட்டை என்றாலே பாசி தின்னும் என்று நினைத்து, வேகவைத்த கீரையைப் போடுகிறார்கள். நகத்தவளையின் தலைப்பிரட்டைக்குக் கீரைப் பொடி ஒத்துவரும். அது தண்ணீரை வடிகட்டி நுண்துகளைத் தின்னும் ஜாதி. குள்ளத் தவளையின் தலைப்பிரட்டையோ வேட்டைக்காரன். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இது, ஒவ்வொரு இரையாகக் குறிபார்த்து, வாயைக் குழாய்போல் முன்னே நீட்டி, இங்க் ஃபில்லர் மையை இழுப்பது மாதிரி ஒரே இழுப்பில் உள்ளே இழுக்கிறது. ஸ்டீஃபன் டெபானும் வெண்டி ஓல்சனும் இதைப் படமெடுத்து ஆராய்ந்து 2002-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இவ்வளவு சிறிய உடம்புக்குத் தண்ணீர் நமக்குத் தெரிவதைவிடப் பாகுபோல் கெட்டியான பொருள். அதில் உறிஞ்சிப் பிடிப்பது சாதாரண சாமர்த்தியம் இல்லை.

ஆகவே உயிருள்ள, அசையும், வாய்க்கு அடங்கும் இரை வேண்டும். மஞ்சள்கரு தீர்ந்து நீந்தத் தொடங்கியதும் இன்ஃபுசோரியா என்னும் நீர் நுண்ணுயிர்கள், சற்று வளர்ந்ததும் அன்றே பொரித்த ஆர்ட்டீமியா (இறால் போன்ற சிறு பிராணி) குஞ்சுகள். இவை அரை மில்லிமீட்டருக்கும் சிறியவை. பாத்திரத்தில் தண்ணீர் மட்டம் குறைவாக இருந்தால் இரை நெருக்கமாக இருக்கும், தேடி அலைய வேண்டாம். சிக்கல் என்னவென்றால், ஆர்ட்டீமியா உப்புநீர்ப் பிராணி. நன்னீரில் சில மணி நேரத்தில் செத்து, அழுகி, அம்மோனியாவைக் கூட்டும். குறைவாகப் போட்டால் பட்டினி, நிறையப் போட்டால் விஷம். சிறிது சிறிதாகப் பலமுறை போட்டு, அடியில் தங்கியதைத் தினமும் மெல்லிய குழாயால் இழுத்தெடுத்து, அந்த அளவுக்கு அதே சூட்டிலுள்ள தண்ணீரை ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தப்பிப் பிழைத்தவற்றைத் தைராய்டு ஹார்மோன் பார்த்துக்கொள்ளும். 1912-ல் குடர்னாட்ஷ் என்பவர் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்த தலைப்பிரட்டைகள் அவசர அவசரமாக உருமாறியதைக் கண்டார். பின்னங்கால் முதலில் முளைக்கும், பிறகு முன்னங்கால் வெளிவரும், வால் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். வால் கரையும் நாட்களில் தீனியில் ஆர்வம் குறைந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் மூடியைச் சரியாகப் போட வேண்டும். வெளியே குதித்த குட்டி சீக்கிரமே காய்ந்து செத்துவிடும்.

குட்டிகள் அதிகமாகிவிட்டால் குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. இந்தத் தவளைகள் கைட்ரிட் என்னும் தோல் பூஞ்சையைச் சுமந்து திரியக்கூடும், அது மற்றத் தவளைகளைக் கொல்லும். கேட்பவருக்குக் கொடுங்கள். அடுத்த முறை முட்டை வந்தால், வளர்க்க முடிகிற அளவை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பெற்றோருக்கே விட்டுவிடுங்கள்.