குண்டு தாமதமாகும் நேரம்: மேக்னம் ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பதன் பின்னுள்ள இயற்பியல்

நீண்ட தூர வேட்டைக்கு ரைஃபிள் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது குண்டின் வேகத்தை. தோட்டாப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதும் அதுதான். கேள்வி தப்பில்லை, ஆனால் பாதிக் கேள்விதான். குழலின் வாயை விட்டு வெளியேறும்போது குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட, போகிற வழியில் எவ்வளவு தாமதமாகிறது என்பதே தூரத்தில் கணக்குத் தீர்க்கும். ஒரு மேக்னம் ரைஃபிளில் குழல் நீளம், மரை (குழலின் உட்புறச் சுருள் பள்ளம்), எடை என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் அது அந்தத் தாமதத்தில் வந்து முடிகிறது.

முதலில் 'மேக்னம்' என்றால் என்ன? லத்தீனில் 'பெரியது' என்று பொருள். ஒன்றரை லிட்டர் ஷாம்பெயின் புட்டிக்கும் அதே பெயர்தான். தோட்டாவிலும் விஷயம் கிட்டத்தட்ட அதுவே: அதே விட்டமுள்ள குண்டு, பின்னால் பெரிய பித்தளை உறை, அதற்குள் கூடுதல் வெடிமருந்து. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னத்தின் (பெயரிலுள்ள எண் ஏறத்தாழ குண்டின் விட்டம், அங்குலத்தில்) உறையில் அடிப்பக்கம் ஒரு வளையம் இருந்தது. அதன் தோள், அதாவது உறை குண்டைப் பிடிக்கும் கழுத்தாக ஒடுங்கும் இடம், மிகவும் சரிவானது. அதனால் தோட்டா அறைக்குள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த வளையம்தான் தீர்மானித்தது. பின்னால் அதே உறையிலிருந்து பிறந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் (1962), .300 வின்செஸ்டர் மேக்னம் (1963) இரண்டும் அந்த வளையத்தைத் தாத்தா சொத்துபோலச் சுமந்து வந்தன. அவற்றின் தோள் போதுமான அளவு செங்குத்தானது, வளையம் தேவையே இல்லை. உறைக்குக் கூடுதல் பலம் தருவதற்காக அது இருக்கிறது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது.

மேக்னம் என்றால் அழுத்தம் அதிகம் என்பது அதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை. அமெரிக்கத் தரநிலைப்படி சாதாரண .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 64,000. வித்தியாசம் சொற்பம். அப்படியென்றால் கூடுதல் வேகம் எங்கிருந்து வருகிறது?

அழுத்தம் எத்தனை நேரம் நிலைக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. குண்டு குழலுக்குள் சில சென்டிமீட்டர் நகர்வதற்குள்ளேயே அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும். அப்புறம் குண்டு முன்னால் ஓட ஓட, அதன் பின்னாலுள்ள இடம் பெருகி அழுத்தம் சரிந்துகொண்டே வரும். மேக்னத்தில் மெதுவாக எரியும் மருந்து அதிகம் இருப்பதால், பெருகும் இடத்தை நிரப்ப வாயு தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. உச்சம் ஒன்றேதான், சரிவுதான் நிதானம். ஊஞ்சலை ஒரே தடவை ஓங்கித் தள்ளுவதற்கும், கூடவே நாலு அடி ஓடித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்.

கூட ஓட இடம் வேண்டுமே? அதனால்தான் மேக்னத்துக்கு 24 முதல் 26 அங்குலக் குழல். ஓர் அங்குலம் குறைத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 6 முதல் 9 மீட்டர் வரை வேகம் போய்விடும். தூக்கிச் செல்ல வசதி என்று 20 அங்குலக் குழலில் மேக்னம் வாங்குவது எனக்குப் புரியாத ஆசை. மருந்துக்கும் உதைக்கும் முழு விலை கொடுத்துவிட்டு, வேகத்தை மட்டும் பாதியில் இறக்கிவிடுகிற வேலை அது. மற்றபடி, இந்த ஏற்பாட்டில் லாபம் குறைந்துகொண்டேதான் போகும். .308-இல் சுமார் 2.9 கிராம் மருந்து, .300 வின்செஸ்டர் மேக்னத்தில் சுமார் 4.7 கிராம். மருந்து 60 சதவீதம் கூடியும், ஒரே 11.7 கிராம் குண்டின் வேகம் வினாடிக்கு 800 மீட்டரிலிருந்து 900-ஆக மட்டுமே உயர்கிறது. மிச்சமுள்ள வெப்பம் குழலின் தொண்டைப் பகுதியை, அதாவது தோட்டா அறைக்கு அடுத்து மரை தொடங்கும் இடத்தை, அரித்துத் தின்கிறது. .308 குழல் சாதாரணமாக 5,000 குண்டுகளைத் தாண்டியும் துல்லியம் காக்கும். மேக்னங்களில் ஒன்றிரண்டு ஆயிரத்திலேயே துல்லியம் தேயத் தொடங்கலாம்.

சரி, இத்தனை செலவில் கிடைக்கும் அந்த 100 மீட்டர் வேகம் தூரத்தில் என்ன செய்கிறது? இங்கேதான் தாமதம் வருகிறது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் 900 மீட்டர் வேகக் குண்டு 500 மீட்டரை 0.56 நொடியில் கடந்துவிடும். உண்மையில் காற்று தடுப்பதால் 0.67 நொடி ஆகிறது. இடைவெளி 0.11 நொடி. பக்கவாட்டில் வீசும் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதை இந்த இடைவெளிதான் நிர்ணயிக்கிறது, மொத்தப் பயண நேரம் அல்ல. காற்றின் வேகத்தை இந்தத் தாமதத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும். வினாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில், அதாவது இலைகளும் சிறு குச்சிகளும் விடாமல் அசையும் அளவுக்கு, குறுக்குக் காற்று வீசினால் விலகல் அரை மீட்டர். அதே குண்டை .308-இல் சுட்டால் தாமதம் 0.14 நொடியாகி, விலகல் 60 சென்டிமீட்டரைத் தாண்டும்.

இப்போது சுவையான பகுதி. அதே விட்டத்தில், மேலும் நீளமான, மூக்கு கூரான, வால் ஒடுங்கிய 13.7 கிராம் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த .300 பி.ஆர்.சி. தோட்டா அதை வினாடிக்கு 870 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகிறது. பெட்டியின் மேல் பார்த்தால் 30 மீட்டர் குறைவு. ஆனால் 500 மீட்டரில் இரண்டு குண்டுகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேர்கின்றன, 0.66 நொடிக்கும் 0.67 நொடிக்கும் இடையில். மெதுவாகக் கிளம்பியதன் தாமதமோ 0.09 நொடிதான். விலகல் 40 சென்டிமீட்டர். வேகத்தில் பின்தங்கிய குண்டு காற்றில் ஜெயிக்கிறது! காற்றை வெட்டிப் போகும் இந்தத் திறனைத்தான் 'பாலிஸ்டிக் கோயஃபிஷியன்ட்' என்ற எண்ணால் அளக்கிறார்கள். தோட்டாப் பெட்டியில் வேகத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இறக்கத்தைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். 500 மீட்டரில் குண்டு குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் விழுகிறது என்றாலும், புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறுவதில்லை. லேசர் தூரமானியால் அளந்து, ஸ்கோப்பின் திருகைத் திருப்பினால் போதும். அளக்காமல் கண்ணால் மதிப்பிட்டு 500-ஐ 550 என்று நினைத்துவிட்டால் கால் மீட்டருக்கு மேல் தப்பும். மான் போன்ற விலங்கில் குறி வைக்கும் இதய, நுரையீரல் பகுதியே குறுக்காக 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். தூரத்துக்குக் கருவி இருக்கிறது. பள்ளத்தாக்கின் நடுவில் சுழலும் காற்றுக்கு அப்படி ஒன்று இல்லை. மேக்னம் வாங்குவதன் நியாயம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நீளக் குண்டு என்றதும் ரைஃபிளில் இரண்டு இடங்களைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று மரை. குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்கள் குண்டைப் பம்பரம்போலச் சுழற்றுகின்றன. பம்பரம் நெட்டையாக ஆக ஆக, நிமிர்ந்து நிற்க வேகமாகச் சுற்ற வேண்டும். குண்டும் அப்படியே. .300 வின்செஸ்டர் மேக்னத்தின் வழக்கமான மரை 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 900 மீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கும் மேல்! அந்தச் சுற்றும்கூட மிக நீண்ட குண்டுகளுக்குக் கொஞ்சம் சோம்பல். புதிய வடிவமைப்புகள் எட்டு, ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இறங்கியிருப்பது அதனால்தான். இரண்டாவது, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின். .300 வின்செஸ்டர் மேக்னத்தின் மொத்த நீளத் தரநிலை 3.34 அங்குலம். நீளக் குண்டை அதற்குள் அடக்க வேண்டுமானால் உறைக்குள் ஆழமாகத் தள்ளி, மருந்துக்கான இடத்தைத் திருட வேண்டும். .300 பி.ஆர்.சி.க்கு 3.7 அங்குலம் ஒதுக்கினார்கள். பெரிய மருந்தைவிட இந்தச் சின்ன இட ஒதுக்கீடுதான் புதுத் தலைமுறைத் தோட்டாக்களின் உண்மையான சாதனை. பழைய தோட்டாவும் மோசமில்லை. உலகின் பல பகுதிகளில் எளிதில் கிடைப்பது அதுதான், அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு.

தொழிற்சாலை ரைஃபிள்களின் துல்லியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குண்டுகள் 'ஒரு கோண நிமிடத்துக்குள்' (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) விழும் என்று உத்தரவாதம் தராத நிறுவனம் இன்று அரிது. 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர், 500 மீட்டரில் 14.5. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் மூன்று குண்டுகளுக்கு. குண்டுகள் தற்செயலாகச் சிதறுவதால், எண்ணிக்கை கூடக் கூட ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு குண்டுகளுக்கு இடையிலான அகலமும் கூடும். கணக்குப்படி, அதே ரைஃபிளில் பத்து குண்டுகள் சுட்டால் சராசரி அகலம் மூன்று குண்டுகளின் அகலத்தைப்போல் 1.6 மடங்காகும். ரைஃபிள் கெட்டுப்போகவில்லை, நாம்தான் இப்போது உண்மையைப் பார்க்கிறோம். மூன்று குண்டுத் துளைகளைப் படம் எடுத்துக் காட்டுகிறவர்களிடம் மீதி ஏழு எங்கே என்று கேட்கலாம்.

சிதறலைக் குறைப்பது பெரும்பாலும் விறைப்பு. சுடும்போது குழல் அதிர்கிறது. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 20 சதவீதம் தடித்த குழல் இரண்டு மடங்கு விறைப்பானது. எடையும் ஏறும், அதுதான் தலைவலி. மெல்லிய எஃகுக் குழலின் மேல் கார்பன் இழை சுற்றுவது இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை, விலை மட்டும் எஃகைப்போல் இருக்காது. குழல் கைப்பிடிக் கட்டையைத் தொடாமல் இருக்கிறதா, இயங்குபகுதி (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதி) உட்காரும் இடம் வளையாமல் இருக்கிறதா, ட்ரிகர் இழுவை லேசாகவும் இழுபறி இல்லாமலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் மற்றதை இன்றைய இயந்திரங்கள் நன்றாகவே செய்துவிடுகின்றன.

உதைக்கு வருவோம். 11.7 கிராம் குண்டும் 4.7 கிராம் வாயுவும் முன்னால் பாயும்போது, அதே உந்தம் ரைஃபிளைப் பின்னால் தள்ளுகிறது. 4 கிலோ ரைஃபிளென்றால் அது வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் தோளில் வந்து மோதும், 32 ஜூல் ஆற்றலுடன். அதே எடையில் .308 தருவது சுமார் 20 ஜூல். மலையேற வசதி என்று மேக்னத்தையே 3 கிலோவுக்கு இறக்கினால் ஆற்றல் 43 ஜூலாக எகிறும். வலியைப் பொறுத்துக்கொள்வேன் என்று சிலர் சொல்வார்கள். பிரச்சினை வலி அல்ல. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே ரைஃபிள் 2 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அந்த நகர்வு எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அடுத்த அடியை எதிர்பார்த்துக் கண் சிமிட்டித் தோள் சுருங்கும் ஒருவரிடம் அது ஒரே மாதிரி இருக்காது. காற்றில் மிச்சம் பிடித்த 20 சென்டிமீட்டரை அந்த ஒரு சுருக்கம் விழுங்கிவிடும்.

குழலின் வாயில் பொருத்தும் மஸில் பிரேக் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையைப் பாதி வரை குறைக்கக்கூடும். கூடவே ஓசையையும் சுடுபவரின் பக்கமும் அருகில் நிற்பவரின் பக்கமும் திருப்பிவிடும். காதுக் காப்பு இல்லாமல் ஒரு குண்டுகூட வேண்டாம், கேட்கும் திறன் திரும்பி வராது. சட்டம் அனுமதிக்கும் இடங்களில் ஒலியடக்கி இரண்டுக்கும் நல்ல விடை. என் கணக்கில் ஸ்கோப்புடன் சேர்த்து நாலேகால், நாலரை கிலோ என்பது மேக்னத்துக்கு நியாயமான எடை. ஸ்கோப்பும் கண்ணிலிருந்து 9 சென்டிமீட்டராவது தள்ளி நின்று முழுக் காட்சி தருவதாக இருக்கட்டும். புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு திரிகிற மேக்னம்காரர்கள் உண்டு.

கடைசியாக, எவ்வளவு தூரம் வரை? தட்டு இலக்கைச் சுட 1,000 மீட்டர்கூடப் போகலாம். வேட்டையில் எல்லையைத் தீர்மானிப்பது ரைஃபிளே அல்ல, குண்டின் மூக்கு. வேட்டைக் குண்டு இலக்கில் பட்டதும் காளான்போல் விரிந்தால்தான் விலங்கு துன்பமின்றிச் சட்டென்று விழும். விரிய வேகம் வேண்டும், பல குண்டுகளுக்கு வினாடிக்கு சுமார் 550 மீட்டர். அதற்குக் கீழே அது ஊசிபோலத் துளைத்துப் போய்விடும், காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் ஓடி மறையும். நாம் பார்த்த 11.7 கிராம் குண்டு அந்த வேகத்துக்கு 600 மீட்டரைத் தாண்டியதும் இறங்கிவிடுகிறது. நீளக் குண்டு இன்னும் நூற்றைம்பது, இருநூறு மீட்டர் தாக்குப்பிடிக்கும். 3,000 மீட்டர் உயர மலையில் காற்றின் அடர்த்தி கால் பங்கு குறைவு என்பதால் இரண்டுக்குமே எல்லை நீளும். இதெல்லாம் தோட்டாத் தயாரிப்பாளர் தரும் வேக அட்டவணையில் இருக்கிறது. ரைஃபிளைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன் அந்த அட்டவணையில் 550 எந்த வரியில் வருகிறது என்று ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது.