பழைய டெஸ்க்டாப்பில் இன்னொரு ஹார்டு டிஸ்க்: கேபினட்டைத் திறக்கும் முன்

வேலூரிலும் குடியாத்தம், ஆம்பூர் பக்கங்களிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த டெஸ்க்டாப்புகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. கல்யாணப் படங்களால் டிஸ்க் நிரம்பிவிட்ட போட்டோ ஸ்டுடியோக்காரரும், பழைய டேலி கணக்குகளை அழிக்க முடியாத தோல் கம்பெனி அலுவலகத்தாரும் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இடம் போதவில்லை, இன்னொரு ஹார்டு டிஸ்க் போட்டுத் தாருங்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் இந்த வேலையில் கோப்புகள் பறிபோவது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள பழைய டிஸ்க்கிலிருந்துதான் என்பதால், திருகாணியில் கை வைக்கும் முன்பே முக்கியமானவற்றை வெளியே நகல் எடுத்துவிடுங்கள்.

2003-ஐ ஒட்டி, டிஸ்க்கை மதர்போர்டுடன் மெல்லிய கேபிளில் இணைக்கும் சாட்டா முறை வந்தது. அதற்கு முந்தைய கணினிகளில் 40 முனை கொண்ட பட்டையான கேபிள் இருக்கும்; இது ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறை. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டும்போது ஒன்றை மாஸ்டராகவும் (முதலாவது) மற்றதை ஸ்லேவாகவும் (இரண்டாவது) ஜம்பர் என்ற சிறு செருகியை மாற்றி வைக்க வேண்டும். அந்த வகை டிஸ்க்கைப் பழைய சரக்காகத் தேடி வாங்குவதைவிட, மதர்போர்டில் கூடுதல் கார்டு செருகும் பிசிஐ இடத்தில் ஒரு சாட்டா கார்டு செருகுவது நல்லது என்பது என் கருத்து.

அதிகம் கவனிக்க வேண்டியது மின்சாரம். மூன்றரை அங்குல டிஸ்க் ஓடும்போது 10 வாட்டுக்குள் எடுத்தாலும், சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். கெப்பாசிட்டர் உப்பிப்போன பழைய எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) அந்த இழுப்பைத் தாங்காது. கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும், டிஸ்க் டிக் டிக் என்று அடிக்கும், பழைய டிஸ்க்கும் சேர்ந்து கெடும். சாட்டா பவர் முனை இல்லையென்று மோலக்ஸ் என்ற பழைய நான்கு முனை பவர் இணைப்பிலிருந்து மாற்றும் ஒயர் வாங்கும்போது, முனைப்பகுதி முழுவதும் ஒரே வார்ப்பாக ஊற்றப்பட்ட மலிவு ரகத்தைத் தவிருங்கள். அதனுள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாக அழுத்திப் பதிக்கப்பட்டு, பின்புறம் கண்ணுக்குத் தெரியும் வகையே பாதுகாப்பானது.

நம் ஊர்க் கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மூடிய கேபினட்டுக்குள் இன்னும் கூடுதலாகக் கொதிக்கும். சாதாரண டிஸ்க்குகளுக்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு பெரும்பாலும் 60 டிகிரிதான் என்பதால், இரண்டு டிஸ்க்குகளையும் அடுத்தடுத்த தட்டில் ஒட்டி வைக்காமல் நடுவில் ஒரு தட்டு காலி விடுங்கள். முன்புற ஃபேனில் அடைந்த தூசியையும் அப்போதே தட்டிவிடுங்கள்.

மாட்டிய பிறகு விண்டோஸ் நீலத்திரையில் நின்றால் உடனே புதிய டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கியதுமே பயாஸ் அமைப்புகள் (கணினி தொடங்கும்போது படிக்கும் அடிப்படை அமைப்புகள்) அழிந்து, சாட்டா டிஸ்க்கை இயக்கும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கோ மறுபக்கமோ மாறியிருக்கும். வேலை தொடங்கும் முன் பயாஸ் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பேட்டரியை மாற்றிய கையோடு பழையபடி அமைத்துவிடலாம்.

அளவு விஷயத்தில் ஒன்று: டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த முடியாது. விண்டோஸ் 7-இல் புதிய ஜிபிடி முறையில் பெரிய டிஸ்க்கைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த வழியும் இல்லை. வேறு கணினியில் ஓடிய டிஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டும்போது, இனிஷியலைஸ் (புதிய டிஸ்க்காகத் தயார்) செய்யவா, ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால், உள்ளே வேண்டிய கோப்பு எதுவும் இல்லையென்று உறுதியாகத் தெரியும்வரை ஓகே அழுத்தவே கூடாது.

இரண்டாவது டிஸ்க்கில் ஒரு நகல் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் ஓடும் இரண்டும் ஒரே மின்னழுத்தத் தாக்கில் போகக்கூடியவை. ஆகவே மாதக் கணக்கு முடிந்ததும், அல்லது ஒரு கல்யாண ஆர்டர் முடிந்ததும், யூஎஸ்பி டிஸ்க்கில் தனியாக நகல் எடுத்து, கேபிளைக் கழற்றி, கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.