கிலோவுக்கா, கூடைக்கா: ஹாஸ்கெல்லின் இரட்டைக் கோலன்

காசிமேட்டு மீன் ஏலத்தில் "ஐந்நூறு" என்று ஒரு குரல் வந்தால், எதற்கு ஐந்நூறு என்று யாரும் கேட்க மாட்டார்கள், கூடை எதிரிலேயே இருக்கிறது. அதே "ஐந்நூறு" போனில் வந்தால் தண்டையார்பேட்டையில் இருக்கும் வியாபாரி "கிலோவுக்காண்ணே, கூடைக்கா?" என்று கேட்டே தீருவார். ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் நிரலுக்கு நடுவே :: என்ற இரட்டைக் கோலன் போட்டு நாம் எழுதும் டைப் குறிப்பு, அதாவது ஒரு மதிப்பு எந்த வகை என்று சொல்லும் குறிப்பு, அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பெரும்பாலும் கேள்வியே வராது. ஒரு பெயரை எதனோடு சேர்த்துப் பயன்படுத்துகிறோம் என்பதை வைத்தே கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) டைப்பைக் கண்டுபிடித்துவிடும். 1969இல் தர்க்கவியலாளர் ஹிண்ட்லியும் 1978இல் கணினி அறிவியலாளர் மில்னரும் தனித்தனியாக எழுதிவைத்த வழி அது.

சிக்கல் ரீட் மாதிரியான ஃபங்ஷனில். சரத்தை, அதாவது மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துகளை, வாங்கி மதிப்பாக மாற்றுவது அதன் வேலை, ஆனால் எந்த மதிப்பாக? மதிப்பை மறுபடி எழுத்தாக்கும் ஷோவோடு சேர்த்து ஷோ (ரீட் "42") என்று ஃபைலில் எழுதினால் கம்பைலர் முரண்டு பிடிக்கும், ஏனென்றால் ஷோவும் பல டைப்புகளை வாங்கிக்கொள்ளும், அந்தப் பக்கமிருந்தும் துப்பு கிடைக்காது. ஷோ (ரீட் "42" :: இன்ட்) என்றால் 42 வரும், இன்ட் என்பது முழு எண். இன்ட்டுக்குப் பதில் தசம எண்ணான டபுள் போட்டால் 42.0. அதாவது இந்தக் குறிப்பு வெறும் சரிபார்ப்பு இல்லை, எந்த ரீட் ஓட வேண்டும் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது.

ஒவ்வொரு வரியாகத் தட்டி உடனே விடை பார்க்கும் ஜிஎச்சிஐயில் ரீட் "42" என்று மட்டும் தட்டினால் இன்னும் வேடிக்கை. அது தானாகவே () என்ற ஒரே மதிப்புள்ள டைப்பைப் பிடித்துக்கொண்டு, "42" அதில் அடங்கவில்லை என்று 'நோ பார்ஸ்' (படிக்க முடியவில்லை) என்று எரர் போடும். முதல் தடவை இதைப் பார்த்தபோது மேற்கோள் குறியில்தான் தப்பு என்று நினைத்து அரை மணி நேரம் அதையே மாற்றிக்கொண்டிருந்தேன். ரீட் "42" + 1 என்றால் மட்டும் சமத்தாக 43, கூட்டல் இருப்பதால் எண் என்று புரிந்துகொள்கிறது.

அப்புறம் அடைப்புக்குறி. இந்த :: இடப்பக்கம் எட்டியவரை எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். இரட்டைப்படை எண்ணா என்று பார்க்கும் ஈவனை வைத்து ஈவன் (ரீட் "42") :: இன்ட் என்றால், ஈவன் தருவது பூல் (ஆம்/இல்லை) ஆச்சே என்று எரர் வரும், ஈவன் (ரீட் "42" :: இன்ட்) என்று குறிப்பை உள்ளே தள்ள வேண்டும்.

சரி, தப்பான டைப் எழுதினால்? எல்லா நேரமும் எரர் வராது. 2 ^ 64 (2இன் 64ஆம் அடுக்கு) என்று சும்மா எழுதினால் எத்தனை பெரிய எண்ணையும் தாங்கும் இன்டிஜர் ஆகி 18446744073709551616 வரும். பின்னால் :: இன்ட் சேர்த்தால், 64 பிட் கம்ப்யூட்டரில் அந்த எண் இன்ட்டில் அடங்காமல் சத்தமே இல்லாமல் 0.