மரைக்குள் ஒரு மலைப்பாதை

ஏற்காடு போய் இறங்கும்போதெல்லாம் என் பழைய காரில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், விரற்கடை அளவு குறைந்துகொண்டே வந்தது. வண்டிக்கு அடியில் சொட்டு ஈரம் கிடையாது. தேடித் தேடி, எஞ்சின் பிளாக்கின் கீழ்ப்பக்கத்தில், கூலன்ட்டை வடிக்கிற பிளக் என்ற திருகு மூடியைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெளிர்பச்சைப் பொருக்கு இருப்பதைக் கண்டுபிடித்தேன். கசிந்த நீர் எஞ்சின் சூட்டில் ஆவியாகிவிட, சாயம் மட்டும் தங்கியிருக்கிறது. முந்தின மாதம்தான் ஒரு பட்டறையில் கூலன்ட் மாற்றி, அந்தப் பிளக்குக்கு டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிக் கொடுத்திருந்தார்கள்.

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் வேறொரு மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “மரை போல்ட்டத்தாங்க புடிக்கும், தண்ணியப் புடிக்காது.”

மரை என்றால் திருகில் சுருண்டு ஓடும் புரி. யோசித்தால் சரிதான். விட்டம் மாறாத நேர் மரையில், பிளக்கின் ஆண் மரைக்கும் துளையின் பெண் மரைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் பிளக் சுற்றவே சுற்றாது. அந்த இடைவெளி உள்ளிருந்து வெளிவரை அறுபடாமல் சுருண்டு வருகிறது. 14 மில்லிமீட்டர் பிளக், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். எட்டுச் சுற்று, மொத்தம் 35 சென்டிமீட்டர். தண்ணீருக்கு அது குட்டி மலைப்பாதை. சுற்றிச் சுற்றி வந்தாலும் வெளியே வந்து சேர்ந்துவிடும்.

ஆகவே நேர் மரைப் பிளக்கில் நீரைத் தடுப்பது மரை அல்ல, தலைக்கு அடியில் இருக்கும் வாஷர். மரையின் வேலை தலையை இழுத்துப் பிடிப்பது. அந்த அழுத்தத்தில் தாமிரமோ அலுமினியமோ நசுங்கி, இரு பரப்பிலும் உள்ள கீறல்களை நிரப்புகிறது. என் வண்டியில் டேப் ஒன்றும் சாதிக்கவில்லை. சாதித்தது கெடுதல்தான்: மரைக்குள் திணிந்து உராய்வைக் கூட்டியதால், வாஷர் நசுங்கும் முன்பே ஸ்பேனர் கைக்கு இறுகிவிட்டதுபோலத் தோன்றியிருக்கும்.

வாஷரும் பழசு. தாமிரம் ஒருமுறை நசுங்கினால் கெட்டிப்பட்டுவிடும், அடுத்த முறை வளைந்துகொடுக்காது. சேலத்தில் இதைக் கொலுசுப் பட்டறைக்காரர்களிடம் கேட்டாலே போதும். வெள்ளிக் கம்பியை இழுக்க இழுக்க விறைத்துப்போகும். நெருப்பில் காட்டினால்தான் மறுபடி இளகும். தாமிர வாஷரையும் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் பழைய மென்மை திரும்பும். ஆனால் புதியது விற்கும் விலைக்கு அந்த மெனக்கெடல் வேண்டாம்.

டேப்புக்கு உரிய இடம் கூம்பு மரை. அது நீளம் 16 பங்குக்கு விட்டத்தில் ஒரு பங்கு சரிந்துகொண்டே போகும். திருகத் திருக ஆப்புபோல் இறுகும். அப்போதும் மரையின் முகட்டில் நூலிழை வழி மிஞ்சும். அதை அடைக்கத்தான் டேப்போ பசையோ. பிளக்கின் நுனி நம்மைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்று. முதல் மரையை வெறுமனே விடவேண்டும். பிய்ந்த டேப் உள்ளே போனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொள்ளும்.

ஆப்பு என்பதை மறந்து தொங்கித் தொங்கி முறுக்கக் கூடாது. வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், விரித்தால் வெடிக்கும். ஒரு பிளக்குக்காக பிளாக்கையே மாற்றுவது யாருக்கும் வரக்கூடாத செலவு.

இன்னொரு கண்ணி, பைப் கடையில் வாங்கும் கால் இஞ்சு பிளக். நம் ஊர்க் குழாய் மரை பிரிட்டிஷ் கணக்கு, இஞ்சுக்கு 19. அமெரிக்கக் கணக்கில் துளையிட்ட எஞ்சினில் அது 18. முதல் இரண்டு சுற்று வெண்ணெய்போல் போகும், அப்புறம் இறுகும். பொருந்திவிட்டது என்று நினைப்போம். உண்மையில் மரைதான் நசுங்கிக்கொண்டிருக்கும்.

சரி, மலையில் மட்டும் ஏன் கசிவு? சின்ன கியர், குறைந்த வேகம், ரேடியேட்டரில் குறைந்த காற்று. சூடு ஏற, உள்ளழுத்தம் ரேடியேட்டர் மூடியின் எல்லைவரை ஏறுகிறது. பல கார்களில் அது 1 பார் அளவை ஒட்டி இருக்கும். போதாக்குறைக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அலுமினிய பிளாக், இரும்புப் பிளக் என்றால் 70 டிகிரி சூடேறும்போது துளை நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அகலும். சமவெளியில் அடங்கியிருந்த வழி அங்கே திறந்துகொள்கிறது.

கசிவு பெரிதாகி அழுத்தமே போனால்தான் ஆபத்து. 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைக் காத்துக்கொண்டிருந்தால் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் அண்ணன் பிளக்கைக் கழற்றினார். ஒன்றும் வரவில்லை. துளைக்குப் பின்னால் சேறு அடைத்திருந்தது. கம்பியால் குத்தியதும் செம்மண் நிறத்தில் கொட்டியது. கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும் என்று சட்டியை முதலில் ஓரமாகத் தூக்கி வைத்தார். அப்புறம் டேப்பைச் சுரண்டி, தலை உட்காரும் இடத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டார்.

அடுத்த ஞாயிறு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினேன். மறுநாள் காலை பிளக்கைத் தடவிப் பார்த்தபோது விரலில் ஒட்டியது வெறும் தூசி.